மீன் பிடிக்கப் போற போட்ட (படகு) மரினால கட்டுறதா, டிரெய்லர்ல ஏத்தி வீட்டுக்கே கொண்டாறதா?

போன ரெண்டு மாசத்துல மூணு பேரு இதே கேள்விய கேட்டுட்டாங்க. ஒருத்தரு எங்க தாமான்ல (குடியிருப்புல) ரெண்டு சந்து தள்ளி இருக்குற வாத்தியாரு, அடுத்த வருஷம் பென்ஷன், 19 அடி ஃபைபர் போட்டு ஒண்ணு பாத்து வச்சிருக்காரு. இன்னொருத்தன் செம்பனை லாரி ஓட்டுற தம்பி, அவன் மச்சானோட காசு சேத்து 23 அடி வாங்கப் போறானாம். மூணாவது ஆளு என் தங்கச்சி வீட்டுக்காரரு, அவருக்கு போட்டே கெடயாது, ஆனா கேள்வி மட்டும் மொத ஆளா வந்துச்சு. மரினால, அதாவது போட்டுங்கள நிறுத்துற துறைல, பெர்த்துன்னு ஒரு எடம் எடுத்து கட்டிப் போடலாமா, இல்ல டிரெய்லர் வாங்கி வீட்டோட வச்சிக்கலாமான்னு.

நான் ரெண்டையும் செஞ்சி பாத்தவன். மூணு வருஷம் மலேசியாவுல, பேராக் மாநிலத்து லூமுட் பக்கம் பெர்த் வாடகை கட்டினேன், அப்பறம் டிரெய்லருக்கு மாறி இது அஞ்சாவது வருஷம். வேலை செம்பனை மில்லுல ஃபிட்டரு, ஷிப்ட்டு. 21 அடி போட்டு, செகண்ட் ஹேண்டு, 150 எச்பி இஞ்சின். எங்கப்பா பால் மரம் சீவுனவரு, வருஷத்துக்கு ஒரு தடவ தோட்டத்து லாரில தெலுக் பாத்திக் போயி முட்டிக்கால் வரைக்கும் கடல்ல நின்னுட்டு வந்ததோட சரி, அதனால காசுன்னு வந்தா எனக்கு வாய் தானா தோட்டத்துக் கணக்குலதான் பேசும்.

மொதல்ல எத வச்சி பாக்கணும்

எல்லாரும் காசுல ஆரம்பிக்கிறாங்க. அத கொஞ்சம் தள்ளி வைங்க, மத்ததுக்கு பதில் கெடச்சா காசு தானா தெரிஞ்சிடும்.

மொத கேள்வி, வருஷத்துக்கு எத்தன தடவ கடலுக்குப் போவீங்க. ஆசைப்படுறத சொல்லாதீங்க, நெசமா போறத சொல்லுங்க. போன வருஷத்து காலண்டர எடுத்து வச்சிக்கிட்டு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, தைப்பூசம், ஓவர்டைம், புள்ளைங்க டியூஷன், எழவு வீடு எல்லாத்தயும் பென்சில்ல அடிச்சிக்கிட்டே வாங்க, மிச்சம் நிக்கிற ஞாயித்துக்கெழமைங்கள்ல பாதிய மழைக்குக் குடுத்துடுங்க, அப்பறம் இருக்குறதுதான் உங்க நம்பரு. நான் வாங்கறப்ப 40ன்னு நெனச்சேன். மொத வருஷம் போனது 14.

ரெண்டாவது, போட்டோட நீளமும் எடையும். மூணாவது, வீட்டுல எடம் இருக்கா, இழுக்குற காடி (காரு) இருக்கா. நாலாவது, கூட வர்ற ஆளு, அதுவும் மீன் பிடிக்க மட்டும் வர்ற ஆளு கணக்குல சேராது, காலைல 4 மணிக்கு எந்திரிச்சி கயிறு புடிக்கிற ஆளு, திரும்பி வந்து போட்டு கழுவுற வரைக்கும் நிக்கிற ஆளு. அஞ்சாவதத்தான் யாரும் கேக்கறதில்ல: மழ ஊத்துற ஒரு புதங்கெழம ராத்திரி அந்த போட்ட யாரு போயி பாக்கப் போறா?

ஜபாத்தான் லாவுட் (கடல் துறை இலாகா) பதிவு, லைஃப் ஜாக்கெட்டு, இதெல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், அத விட்டுடுவோம்.

மரினா பெர்த்

சொகத்த மறச்சிப் பேசக்கூடாது. ஆயர் தாவார்ல இருந்து லூமுட் அரை மணி நேரம்தான், காடிய நிறுத்தி ஐஸ் பெட்டிய தள்ளுவண்டில வச்சி பொண்டூன்ல, அந்த மெதக்குற நடைமேடைல, உருட்டிக்கிட்டு போனா, கயித்த அவுத்து இஞ்சின எறக்கி சாவி திருப்பி பத்து நிமிஷத்துல வெளிய போயிடலாம். ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு முடிஞ்ச நாள்ல நாலு மணிக்கு என் தூண்டில் தண்ணில இருந்துருக்கு. பொண்டாட்டி புள்ளைங்கள கூட்டிட்டுப் போகவும் அதான் வசதி, செருப்பு கூட நனையாது, டாய்லெட் இருக்கு. பொண்டூன் மெதக்குறதுனால தண்ணி ஏறினாலும் வத்தினாலும் போட்டும் நீங்க நிக்கிற எடமும் ஒரே மட்டம். மரினால இருந்தப்பதான் எங்க வீட்டம்மா போட்டுல ஏறினாங்க, டிரெய்லர் வந்தப்பறம் ரெண்டே தடவ.

வாடகை அடிக் கணக்கு, மாசாமாசம். மரினாவுக்கு மரினா மாறும், போயி கேட்டாத்தான் தெரியும், ஆனா கணக்கு எப்படி போடணும்னு காட்ட ஒரு உதாரணத்துக்கு அடிக்கு 15 வெள்ளின்னு (ரிங்கிட்) வச்சிக்குவோம். 21 அடிக்கு மாசம் 315, வருஷத்துக்கு 3,780. இத நீங்க போன தடவையால வகுத்துப் பாருங்க.

| வருஷத்துக்கு எத்தன தடவ | ஒரு தடவைக்கு வாடகை மட்டும் |
|---|---|
| 8 | 472 வெள்ளி 50 சென்ட் |
| 14 | 270 வெள்ளி |
| 25 | சுமாரா 151 வெள்ளி |
| 40 | சுமாரா 95 வெள்ளி |

எட்டு தடவ போறவரு ஒவ்வொரு தடவயும் பெட்ரோல் ஊத்தறதுக்கு முன்னாடியே 470 வெள்ளிய கடல்ல போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கிறாரு. அந்தக் காசுக்கு சித்தியவான் மார்க்கெட்டுல நல்ல தெங்கிரி மீனா பாத்து வாங்கி அக்கம்பக்கத்துக்கே குடுக்கலாம்.

வாடகையோட முடிஞ்சா பரவால்ல. தண்ணிக்கு அடியில ஒரு கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு, மலாய்க்காரங்க தெரித்திப்னு சொல்றாங்க, கல்லு மேல ஒட்டிக்கிட்டு இருக்குற சின்ன சிப்பி மாதிரி. குளிர் நாட்டுல குளிர் காலத்துல அதோட வளர்ச்சி குறையும், நம்ம கடல்ல வருஷம் பூரா 30 டிகிரிக்கு பக்கத்துல வெதுவெதுன்னு இருக்கு, அதுக்கு லீவே கெடயாது. மொதல்ல பச்சையா ஒரு வழுவழுப்பு, அப்பறம் அரிசி தூவுன மாதிரி வெள்ளப் புள்ளி, அப்பறம் அந்த அரிசி சுண்டைக்கா அளவுக்கு வந்துடும், தொட்டா கை கிழியும். ஒரு தடவ நாலு மாசம் பாக்காம விட்டுட்டேன், இஞ்சின் சத்தம் அதேதான் ஆனா ஜிபிஎஸ்ல வேகம் 26 நாட் காட்டுனது 19ல நின்னுடுச்சி. ப்ரொப்பெல்லர்தான் போச்சின்னு நெனச்சி மேல தூக்கிப் பாத்தா அடிவயிறு பூரா அம்மை போட்ட மாதிரி.

அதுக்குத்தான் ஆண்டிஃபௌலிங் பெயிண்டு, செம்பு கலந்தது. அலுமினிய போட்டுக்கு செம்பு பெயிண்டு அடிக்கவே கூடாது, அலுமினியத்த அரிச்சிடும், கடைல வேற வகை கேட்டு வாங்கணும். பெயிண்டு டப்பா வெலய மட்டும் பாக்காதீங்க. போட்ட தண்ணில இருந்து தூக்குற கூலி, பிரஷர் ஜெட்டுல அடிக்கிற கூலி, சொரண்டுற ஆளு, பெயிண்டு காயற வரைக்கும் கரைல வச்சிருக்குற நாளுக்கு தனி வாடகை, அந்த நாள்லயும் உங்க பெர்த் வாடகை ஓடிக்கிட்டு இருக்கும். எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவ இது வேண்டியிருந்துச்சி. இஞ்சின மேல தூக்கி வச்சாலும் பிராக்கெட்டோட கீழ்ப்பக்கம் தண்ணிலதான் கெடக்கும், மீன் தேடுற கருவியோட சோனார் முட்டை கெடக்கும், சிங்க் கட்டி கரையும். அந்த சிங்க் கரையறதுக்குன்னே வச்சது, அது பாதிக்கு வந்தா மாத்திடணும், இல்லன்னா உப்புத்தண்ணி அடுத்து உங்க இஞ்சின் லெக்கதான் திங்கும். பக்கத்து போட்டு கரையில இருந்து கரண்டு எடுத்து வயரிங் சரியில்லன்னா அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இப்ப மழ. நம்ம மேக்குக் கரைக்கு அக்டோபர் நவம்பர்தான் பெரிய மழ, தீபாவளியும் சரியா அதுக்கு நடுவுலதான் வருது. ஒரு தீபாவளிக்கு நான் கிள்ளான்ல சின்னம்மா வீட்டுல ஆறு நாள் இருந்துட்டேன். போட்டு தளம் ஒரு 6 சதுர மீட்டர்னு வைங்க, அதுல 100 மில்லிமீட்டர் மழ பெஞ்சா 600 லிட்டரு, 600 கிலோ, எட்டு ஆளு ஏறி பின்னாடியே ஒக்காந்த மாதிரி. சாதாரணமா பின்னாடி ஓட்டை வழியா தானா ஓடிடும். அன்னிக்கி அந்த ஓட்டைல ஒரு கெரோப்போக் (அப்பளம் மாதிரி நொறுக்கு) பாக்கெட்டு, நாங்களே தின்னுட்டுப் போட்டது. சரி, அடில சேர்ற தண்ணிய எறைக்கிற பில்ஜ் பம்ப் இருக்கேன்னா, பம்ப் ஓடத்தான் செஞ்சிருக்கு, பேட்டரி மூணு வருஷப் பழசு, ரெண்டாவது நாளே படுத்துடுச்சி. மரினா காவலுக்கு இருந்தவரு கூப்பிட்டு சொன்னதுனால முழுகல, ஆனா நான் போறதுக்குள்ள பேட்டரி பெட்டி தண்ணிக்குள்ள, வயரு ஜாயிண்டு எல்லாம் பச்ச பூத்துருச்சி. யாரயும் குத்தம் சொல்ல முடியாது. நான்தான் பேட்டரிய மாத்தல, நான்தான் முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தேன்.

காத்தும் இருக்கு. கெழக்குக் கரை ஆளுங்க நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடகெழக்கு மான்சூனுக்கு பயந்து போட்ட ஏத்தி வச்சிடுவாங்க, நமக்கு தித்திவங்சா மலை குறுக்க நிக்கறதால அந்தத் தொல்ல அவ்ளோவா இல்ல, வருஷம் பூரா தண்ணில வைக்கலாம், அது பேராக்காரனுக்கு மரினா பக்கம் ஒரு பெரிய பாயிண்டு. ஆனா ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் சுமத்ரா காத்துன்னு ஒண்ணு மலாக்கா ஜலசந்திய தாண்டி வரும், பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடி, நீங்க தூங்கிக்கிட்டு இருக்கறப்ப. அரை மணி ஒரு மணி நேரம் அடிக்கும், அதுக்குள்ள கயிறு அத மாட்டுற கிளீட்டுல உரசி உரசி பாதி அறுந்திடும். நான் மில்லுல கழிச்சிப் போட்ட ரப்பர் ஹோஸ ஒரு முழம் வெட்டி கயித்து மேல மாட்டி வச்சேன், அதுக்கப்பறம் கயிறு அறுந்ததில்ல. காசு குடுத்து வாங்குற சாமானும் இருக்கு, வேல அதேதான்.

இன்னொண்ணு, வாரா வாரம் போட்ட சும்மா பாத்துட்டு வரவே லூமுட் போயிட்டு வந்த எண்ணெய் காச நான் எந்தக் கணக்குலயும் எழுதல. எழுதியிருந்தா ரெண்டாவது வருஷமே டிரெய்லர் வாங்கியிருப்பேன்.

டிரெய்லர்

காலைல பல்லு வெளக்கிட்டு வாசலுக்கு வந்தா போட்டு நிக்கும். இத நான் பெரிய லாபம்னு சொல்லுவேன். ஓட்டைல இல அடச்சிருக்கா, டயர் எறங்கியிருக்கா, பேட்டரி சார்ஜ் இருக்கா, எல்லாம் கையில கோப்பியோட ஒரு சுத்து நடந்தா முடிஞ்சிடும். அடில பிளக்க கழட்டி வச்சா எவ்ளோ மழ பெஞ்சாலும் ஒழுகிப் போயிடும். (திரும்ப மாட்டணும். மாட்டாம ரேம்ப்ல, அதான் தண்ணிக்குள்ள போட்ட எறக்குற சரிவுல, எறக்குன ஆளுங்க எல்லா ஊருலயும் இருக்காங்க, நான் எங்க ஊருக்கு.) தெரித்திப் கெடயாது, ஆண்டிஃபௌலிங் கெடயாது. வந்த உடனே இஞ்சினுக்கு பைப் தண்ணிய மாட்டி பத்து பதினஞ்சி நிமிஷம் ஓட விட்டா உப்பு போயிடும்.

அதோட ஒரே கடல்ல கட்டுப்பட்டு கெடக்க வேணாம். ஒரு மாசம் பூலாவ் செம்பிலான், அடுத்த மாசம் கிரிக் ஏறி தெமெங்கோர் ஏரில தோமான் மீனு, லீவு கூட இருந்தா கெஞ்சிர் ஏரி வரைக்கும். மரினால இருந்தப்ப மூணு வருஷமும் அதே பங்கோர் தீவத்தான் சுத்தி சுத்தி வந்தேன்.

செலவு எங்கன்னா, மொத இழுக்குற காடி. எடைய ஒழுங்கா கூட்டிப் பாருங்க. என் போட்டு வெறும் ஓடு சுமாரா 900 கிலோ, இஞ்சின் 220 கிட்ட, பெட்ரோல் 150 லிட்டர் ஊத்துனா 110 கிலோ, பேட்டரி நங்கூரம் ஐஸ் சாமான்னு 120, டிரெய்லரே ஒரு 400. ஆச்சி 1,750 கிலோ. நம்ம ஆளுங்க மைவி மாதிரி சின்ன காடில எத வேணாலும் செய்யலாம்னு நெனப்பாங்க, மைவியே ஒரு டன்தான்யா. ஹைலக்ஸ் டிரைட்டன் மாதிரி ஃபோர் வீல் ஏற்கனவே வேலைக்காக வச்சிருந்தீங்கன்னா டிரெய்லர் மலிவு, போட்டுக்காகவே ஒண்ணு வாங்கணும்னா கணக்கே வேற, அந்தத் தவணைக்கு மரினா வாடகைய கட்டிடலாம். அதுவும் 2024 ஜூன் 10ல தீபகற்பத்துல டீசல் 2 வெள்ளி 15ல இருந்து ஒரே ராத்திரில 3 வெள்ளி 35 ஆனது ஞாபகம் இருக்கா, டிரெய்லர் மாட்டுனா டீசல் முள்ளு எறங்குறது கண்ணுக்கே தெரியும்.

எடைய எங்க வைக்கிறீங்கங்கறதும் முக்கியம். மொத்த எடைல நூத்துக்கு 5ல இருந்து 10 பங்கு கொக்கி மேல அழுத்தணும், எனக்கு அது 90ல இருந்து 170 கிலோ. பின்பக்கம் கனமா போச்சின்னா 80ல போறப்பவே டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், அப்ப பிரேக்க மிதிச்சா கத முடிஞ்சிச்சி. அதே மாதிரி பேப்பர் இல்லாத பழைய டிரெய்லர் மலிவா வருதுன்னு பாயாதீங்க, ஜேபிஜே (ரோட்டுப் போக்குவரத்து இலாகா) கவுண்டர்ல பதிவு, லைட்டு, ரோட் டேக்ஸ் எல்லாத்தயும் கேட்டுட்டு அப்பறம் காச எண்ணுங்க.

பேரிங் கதைக்கு வர்றேன், ஃபிட்டரா இருந்தும் எனக்கே நடந்துச்சின்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. அரை மணி நேரம் ரோட்டுல ஓடுன ஹப், சக்கரத்து நடுவுல பேரிங் இருக்குற எடம், சுடும். அத அப்படியே கடல் தண்ணில முக்குனா உள்ள இருக்குற காத்து டக்குன்னு சுருங்கி, சீல் வழியா உப்புத்தண்ணிய உறிஞ்சிக்கும். ஒரு தடவ உறிஞ்சினா ஒண்ணும் தெரியாது. நாலாவது மாசம் சித்தியவான்ல இருந்து திரும்பி வர்றப்ப கண்ணாடில பாத்தா எடது சக்கரத்துல பொக, செம்பனை லாரி ஒண்ணு பின்னாடி ஹாரன் அடிச்சிக்கிட்டு வருது. ஓரங்கட்டி மூடிய தட்டிக் கழட்டுனா உள்ள கிரீஸ் சரியா தே தாரே (பால் டீ) கலர், நொரையோட. தண்ணி கலந்த கிரீஸ் அப்படித்தான் இருக்கும், கிரீஸ் அந்தக் கலருக்கு வந்துட்டா பேரிங்குக்கு நாள் எண்ணியாச்சின்னு அர்த்தம். மில்லுல தெனம் பாக்குறது, என் டிரெய்லர்ல பாக்கல. இப்ப நான் ரேம்ப் வந்து சேந்த உடனே எறக்கறதில்ல, இருபது நிமிஷம் ஹப் ஆறட்டும்னு ரோட்டி சானாய் சாப்புடப் போயிடுவேன், திரும்பி வந்து கைய வச்சி பாத்து சூடு இல்லன்னாத்தான் தண்ணி. மூணு மாசத்துக்கு ஒரு தடவ புது கிரீஸ். ஒரு செட்டு பேரிங்கும் சீலும் எப்பவும் காடில இருக்கும். டயரு தேயறதுக்கு முன்னாடியே வெயில்ல வெடிச்சிப் போவும், மேல இருக்குற பூ வெட்ட பாக்காதீங்க, டயர் ஓரத்துல இருக்குற வருஷத்த பாருங்க.

அடுத்தது தண்ணி ஏத்தம், வத்தம். இதத்தான் ஞாயித்துக்கெழம மட்டும் லீவு இருக்குற ஆளுங்க கவனிக்கறதே இல்ல. லூமுட் பக்கம் பௌர்ணமி அமாவாசை ஒட்டி தண்ணி ரெண்டு மீட்டருக்கு மேல ஏறி எறங்கும், வத்துனப்ப ரேம்ப் நுனில பாசியும் சேறும்தான், ஃபோர் வீலே வழுக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம், ஒவ்வொரு நாளும் சுமாரா 50 நிமிஷம் தள்ளிப் போகும். ஏழு நாளைக்கு கூட்டுனா கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது இந்த ஞாயிறு காலைல 6 மணிக்கு தண்ணி நெறஞ்சி நின்னா, அடுத்த ஞாயிறு அதே 6 மணிக்கு சேறு. சரி, நெறஞ்ச தண்ணில 6 மணிக்கு எறக்கிட்டோம்னு சந்தோஷப்படாதீங்க, மத்தியானம் 12க்கு நீங்க திரும்பி வர்றப்ப அங்க வத்தம், சாயங்காலம் வரைக்கும் வெயில்ல ஒக்காரணும். நல்ல நாள்னா ஏத்தம் 11, 12 மணிக்கு வர்ற நாளு, காலைல 8க்கு எறக்கி 3 மணிக்கு ஏத்திடலாம். ஆக டிரெய்லர்காரனுக்கு மாசத்துல இருக்குற நாலு ஞாயித்துல ரெண்டுதான் சுளுவான ஞாயிறு. மரினாக்காரனுக்கு இந்தக் கவலையே இல்ல.

நேரமும் போகும். ராத்திரியே மாட்டி லைட்டு பாக்கணும், ரேம்ப்ல எறக்க அரை மணி, ஏத்த அரை மணி, வீட்டுக்கு வந்து கழுவி இஞ்சின் அலசி ஒண்ணரை மணி. போட்டு கழுவறப்ப பாத்தீங்கன்னா, காலைல அண்ணே அண்ணேன்னு வந்த பசங்க ஒருத்தனுக்கும் அந்நேரத்துல போன் எடுக்காது.

தோட்டத்து ஊருல டிரெய்லர் வைக்கிறவங்களுக்கு மட்டும்

சுத்தி செம்பனை இருக்குற எடத்துல எலி இல்லாம இருக்காது. தோட்டத்துல ஆந்தைக்கு பெட்டி கட்டி வளக்கறதே அந்த எலிக்காகத்தான், ஆனா ஆந்தை வந்து என் போட்டுக்குள்ள எலி புடிக்காது. மூடி போட்டு வச்ச போட்டு எலிக்கு பங்களா மாதிரி. வயர கடிச்சிச்சி, பெட்ரோல் ஹோஸயும் கடிச்சிச்சி, பெட்ரோல் வாடை வந்ததுனால கண்டுபுடிச்சேன், இல்லன்னா சாவி திருப்புனப்ப என்னா ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்கும். எலி வந்தா பின்னாடி பாம்பு வரும். நங்கூரம் வைக்கிற பொந்துல ஒரு தடவ முழு சட்டை உரிச்சி வச்சிட்டுப் போயிருந்துச்சி, அன்னையில இருந்து மச்சான் அந்தப் பக்கம் கைய வைக்கிறதில்ல, நங்கூரம் என் வேலை ஆயிடுச்சி.

அப்பறம் குளவி. இஞ்சின் பக்கத்துல ஒண்ணுக்கு போற மாதிரி தண்ணி பீச்சுற சின்ன ஓட்டை இருக்கும்ல, ரெண்டு வாரம் சும்மா நின்னா மண்ணு கொண்டாந்து அதுல கூடு கட்டிடும். ரேம்ப்ல இஞ்சின போட்டா தண்ணி பீச்சல, பம்ப்தான் போச்சின்னு அந்த நாளயே கெடுத்துக்கிட்டவங்கள பாத்துருக்கேன். தடியான தூண்டில் தங்கூஸ் ஒரு சாண் எடுத்து உள்ள குத்துனா போதும். கெளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே குத்திப் பாத்துடுங்க.

ரெண்டுக்கும் நடுவுல

கரைலயே வாடகைக்கு எடம் எடுத்து டிரெய்லரோட நிறுத்துறது ஒரு வழி. ரோட்டுல இழுக்குற வேல மிச்சம், ஹப் சூடாகறதும் இல்ல, ஆனா எலிக்கு பதிலா வேற தொல்ல. ஆத்து ஓரத்துல மீன்காரங்க ஜெட்டில (படகுத்துறை) பாக் சிக் (மலாய்க்கார பெரியவரு) யாருக்காவது மாசாமாசம் காசு குடுத்து கட்டி வைக்கிறவங்களும் இருக்காங்க, மரினாவ விட மலிவு, தெரித்திப் மட்டும் அதேதான், மழ பெஞ்சா தண்ணி எறைப்பாரா இல்லையாங்கறது அந்த மனுஷன பொறுத்தது. வருஷத்துக்கு ஏழெட்டு தடவதான் போவேங்கறவங்க போட்டே வாங்காதீங்க, நாலு பேரு சேந்து தெக்கோங்கோட (படகோட்டி) ஒரு போட்டு எடுத்தா மீன் இருக்குற எடம் அவருக்குத் தெரியும், கழுவுறதும் அவரே.

அந்த மூணு பேருக்கு

லாரி ஓட்டுற தம்பிக்கு, 23 அடி, ரெண்டு பேரு பங்கு, ரெண்டு பேருக்கும் லீவு வேற வேற நாளு. நீ மரினாவுக்கே போப்பா. ரெண்டு குடும்பமும் மாறி மாறி எடுத்தா வருஷத்துக்கு 30 தாண்டும், வாடகை பாதி பாதி, டிரெய்லர்னா ஒருத்தன் கழுவல ஒருத்தன் கிரீஸ் போடலன்னு தீபாவளிக்குள்ள ரெண்டு பேரும் பேச மாட்டீங்க. பேட்டரிய மட்டும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ கேள்வி கேக்காம மாத்திடு. அகலத்தயும் பாரு, 2.5 மீட்டர் தாண்டுற போட்டு ரோட்டுக்கு ஆகாது, அடுத்து பெருசா வாங்குற எண்ணம் இருந்தா இப்பவே பெர்த்துதான்.

முதுகு வலி இருக்குறவங்க, ஆளு தொணை இல்லாதவங்க, கேபின் வச்ச போட்டு, ராத்திரி பங்கோர்ல தங்கணும்னு ஆசை, வேலை விட்டு வந்து ரெண்டு மணி நேரம் போயிட்டு வரணும்னு நெனக்கிறவங்க, இவங்களும் அந்தப் பக்கம்தான்.

தங்கச்சி வீட்டுக்காரருக்கு தெக்கோங் நம்பர குடுத்துட்டேன்.

வாத்தியாருக்கு, 19 அடி, வீட்டுல ஏற்கனவே ஒரு ஃபோர் வீலு, பென்ஷன் ஆயிட்டா எந்த நாளும் லீவு, ஏத்தம் 11 மணிக்கு வர்ற நாளா பாத்து செவ்வாக்கெழம கூட போகலாம், ரேம்ப்ல கூட்டமே இருக்காது. உங்களுக்கு டிரெய்லர்தான் சார், யோசிக்கவே வேணாம். ஆனா முன்பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. நான் போட்டோட அகலத்த அளந்தேன், வீட்டு வாசல் கேட்ட அளந்தேன், ரெண்டடி மிச்சம் இருக்குன்னு வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டு முன்னாடி வந்தப்பறம்தான் தெரிஞ்சிச்சி, கொக்கில இருந்து இஞ்சின் நுனி வரைக்கும் 26 அடி, நம்ம சந்து அகலம் 20 அடி, ஃபோர் வீலோட சேத்து திருப்பவே முடியல. மச்சானும் அக்கம்பக்கத்து பசங்க நாலு பேரும் கொக்கிய கழட்டி கையால தள்ளி, எதுத்த வீட்டுக்காரரு தொட்டிச் செடிய எல்லாம் நகத்தி, ராத்திரி 11 மணிக்கு உள்ள போச்சி. மறுநாள் கேட்டு தூணு ஒண்ண இடிச்சோம். உங்க சந்தும் அதே 20 அடிதான், ஆனா உங்க வீட்டுக்கு எதுத்தாப்புல மோரி மூடாம இருக்கு. நாளைக்கி சாயங்காலம் டேப் எடுத்துட்டு வர்றேன், கோப்பி போட்டு வைங்க.